எதிரே ஒரு நாற்காலி

அவுஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா கேட்டவருக்கு மறுப்புக் கடிதம் வந்துவிட்டால், "கேஸ் ரிஜெக்ட் ஆயிட்டுது" என்பார்கள் நம்மவர்கள். அடுத்தது மேன்முறையீடு. அங்கே நம் முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவர் இருப்பாரா என்பது, நாம் எந்த ஆண்டில், எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்தே இருந்து வந்திருக்கிறது.

1978இல் தொடங்கிய அகதி நிலை தீர்மானக் குழுவின் காலத்தில் ஓர் அதிகாரி நேர்காணல் எடுப்பார். அந்தப் பதிவு குழுவுக்குப் போகும். குடிவரவு, வெளியுறவுத் திணைக்களங்களைச் சேர்ந்தவர்கள் கூடிப் படித்து அமைச்சருக்குப் பரிந்துரைப்பார்கள். ஆளைப் பார்த்ததில்லை. அந்தக் காலம் விட்டுச்சென்ற நல்ல விஷயம் ஒன்று உண்டு. 1989இல் சான் வழக்கில் உயர் நீதிமன்றம், துன்புறுத்தல் நடக்க மெய்யான வாய்ப்பு இருந்தாலே போதும், அது பத்து வீதமாக இருந்தாலும் சரி என்றது. 2014 இறுதியில் அகதி என்பதற்கான வரைவிலக்கணத்தையே திருத்தி எழுதியவர்கள்கூட அந்த அளவுகோலில் கை வைக்கவில்லை.

1993 ஜூலையில் அகதிகள் மீளாய்வுத் தீர்ப்பாயம் வந்தது. மூடிய அறை. தீர்ப்பாய உறுப்பினர் ஒருவர், எதிரே விண்ணப்பதாரர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. திணைக்களத்தின் சார்பில் வாதாட யாரும் வருவதில்லை. கேள்வி எல்லாம் உறுப்பினருடையது. எந்த முகாம்? எந்த மாதம்? வந்திறங்கிய அன்று இதை ஏன் சொல்லவில்லை? அது கனிவான அறை என்று நான் சொல்லமாட்டேன். திகதி மாறிப்போனதைப் பொய்யென்று எழுதிய தீர்ப்புகள் ஏராளம். ஆனாலும் "அண்டைக்குப் பயத்தில சொல்லேல்லை" என்று அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடிந்தது.

2015இல் அந்தத் தீர்ப்பாயம் நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துடன் இணைந்தது. அதே ஆண்டில், 2012 ஓகஸ்ட் 13 முதல் 2013 முடியும்வரை படகில் வந்தவர்களுக்கென்று தனியாகக் குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் அமைந்தது. ஈழத்தமிழர் பலர் சிக்கியது இதில்தான். 'துரிதப் பாதை' என்று பெயர்; விண்ணப்பிக்கவே ஆண்டுக்கணக்கில் காக்க வைத்துவிட்டு என்ன துரிதமோ! கோப்பு தானாகவே ஆணையத்துக்குப் போய்விடும். பொதுவாக விசாரணை கிடையாது. மறுப்பு ஏன் தவறு என்று 21 நாளில், ஐந்து பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். புதிதாக ஒரு தகவல் சொல்ல வேண்டுமானால் விதிவிலக்கான சூழ்நிலை இருக்க வேண்டும். சித்திரவதை பட்டவர், அதுவும் பாலியல் வதைக்கு ஆளானவர், முதல் நேர்காணலிலேயே முழுவதையும் கொட்டிவிடுவார் என்று யார்தான் எதிர்பார்த்தார்கள்?

2024 ஒக்டோபர் 14 அன்று இரண்டையும் மூடிவிட்டு நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்தைத் திறந்தார்கள். படகில் வந்தவருக்கென்று தனிப் பாதை இனி இல்லை. மாறாதது மேன்முறையீட்டுக்கான கெடு. தடுப்புக்காவலில் இல்லாதவருக்கு 28 நாள். ஒரு நாள் பிந்தினாலும் தீர்ப்பாயத்தால் நீட்டிக்க முடியாது. மறுப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், அனுப்பிய நாள் முடிவிலேயே அது கிடைத்துவிட்டதாகக் கணக்கு. ஸ்பாமில் கிடந்தது என்ற கதை எடுபடாது.

அதற்கு முன்பே, 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. ஆணையம் மறுத்தவர்கள் வெளியே நின்றார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் 22 பெண்கள், ஈழத்தமிழரும் ஈரானியரும், மெல்பேர்னிலிருந்து கன்பராவுக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் நடந்தே போய் நாடாளுமன்றத்தின் முன் நின்றார்கள். இன்று ஆணையம் இல்லை, அது எழுதிய மறுப்புகள் செல்லுபடியாகின்றன. நீதிமன்றம் சட்டப் பிழை கண்டு திருப்பி அனுப்பினாலொழிய, அந்தக் கோப்புகள் புதிய தீர்ப்பாயத்துக்கு வரா.