கண்ணில் படியும் சுண்ணம்

பின்னலாடை நகரமான திருப்பூரில் சாயத்தொழில் அறிந்தோர்க்குக் கடினநீரின் இயல்பு நன்கு தெரியும். நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் துணியில் நிறம் சீராக ஏறாது. ஆங்காங்கே திட்டுகள் தோன்றும். இதனைத் தடுக்கும் வேதிப்பொருள்களுள் ஒன்று இ.டி.டி.ஏ. ஆகும். சாயத்தொழிலில் பயன்பட்ட சிட்ரிக் அமிலத்திற்கு மாற்றுத் தேடிய ஜெர்மானிய வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் மூன்ஸ், 1935ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். துணிக்கென உருவான அப்பொருளே இன்று மங்கிய கண்ணைத் தெளிவிக்கவும் உதவுகிறது.

பட்டை போன்ற படிவு

கண்ணின் முன்புறச் சாளரம் கருவிழிப்படலம் எனப்படும் கார்னியா. இதன் மேற்பகுதியில் கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிவதுண்டு. படிவு பெரும்பாலும் இரு ஓரங்களிலும் தொடங்கி, நடுப்பகுதியை நோக்கிப் பட்டைபோல் நீளும். இமைகளுக்கு இடையே திறந்திருக்கும் பகுதியில் கண்ணீர் ஆவியாவதால் உப்புகள் செறிவடைகின்றன. கரியமில வாயு வெளியேறுவதால் காரத்தன்மையும் கூடுகிறது. எனவேதான் படிவு அவ்விடத்தில் அமைகிறது.

நெடுநாள் நீடிக்கும் விழி அழற்சி, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்தத்தில் கால்சியம் மிகுதல் முதலியன இதற்குக் காரணங்கள். கடினநீரைப் பருகுவது இதற்குக் காரணமாக அறியப்பட்டதன்று. வெண்மையாகத் தெரியும் இதனை மக்கள் 'கண்ணில் பூ விழுந்தது' என்பர். சிலர் கண்புரை என மயங்குவர். கண்புரையோ உள்ளிருக்கும் வில்லையில் தோன்றுவது. இரண்டிற்கும் மருத்துவம் வேறு.

கொடுக்கின் பிடி

இ.டி.டி.ஏ. மூலக்கூறு, நண்டு தன் கொடுக்கால் இரையைப் பற்றுவதுபோல், ஆறு இடங்களில் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். இதுவே கொடுக்கிணைப்பு. இப்பண்பைக் கருவிழிப் படிவை நீக்கப் பயன்படுத்தும் முறையை அமெரிக்கக் கண் மருத்துவர் மார்ட்டன் கிராண்ட் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

முதலில் சொட்டுமருந்தால் கண் மரத்துப்போகச் செய்யப்படும். படிவை மூடியுள்ள மெல்லிய புறத்தோலை மருத்துவர் நீக்குவார். பின்னர், அளவறிந்து தயாரித்த இ.டி.டி.ஏ. கரைசலில் நனைத்த பஞ்சைப் படிவின்மேல் சில நிமிடங்கள் வைத்து, நெகிழ்ந்த உப்பை மெல்லச் சுரண்டுவார். படிவின் தடிமனுக்கேற்ப இது மீண்டும் மீண்டும் செய்யப்படும். இறுதியில் கண்ணைக் கழுவி, காப்பு வில்லை பொருத்துவர். புறத்தோல் மீண்டும் வளரும் வரை சில நாள்கள் வலியும் கூச்சமும் இருக்கும். நோய்த்தொற்றைத் தடுக்கும் சொட்டுமருந்து தேவை. மேற்பரப்பு கரடுமுரடாக எஞ்சினால், 193 நானோமீட்டர் அலைநீளமுடைய எக்சைமர் லேசரால் அதனைச் சமன்செய்வர்.

வேரை அறிதல்

படிவை நீக்குவது பாதிப்பணியே. மூலநோய் நீடித்தால் படிவு மீண்டும் தோன்றும். ஆகவே, இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் ஆராய்வது இன்றியமையாதது. விழித்திரை முன்னரே பழுதுபட்டிருந்தால், படிவு நீங்கினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது; உறுத்தல் மட்டுமே தணியும்.

தையல் பிரிவில் ஊசிமுனையை நோக்குபவர்க்கும், ஆடையில் நுண்ணிய ஓட்டையைத் தேடும் தரச்சோதனைப் பணியாளர்க்கும் கண்ணே முதலீடு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்களிலும் செயல்படுகிறது. மருத்துவம் அருகிலிருந்தும், கண்ணில் வெண்மை தோன்றிய பின் கைமருந்து ஊற்றிக் காலம் கடத்துவது பேதைமை. இ.டி.டி.ஏ. கரைசலும் மருத்துவர் கையில்தான் மருந்து. பட்டறையில் கிடைக்கும் அதே பெயருள்ள பொருள் கண்ணுக்குத் தீங்கே செய்யும்.