கோணமலையைக் காணும் முறை

திருகோணமலைக்குக் கல்விச் சுற்றுலா வருவோர்க்கு ஒரு வழக்கமான ஒழுங்கு உண்டு. காலையிற் கோணேசர் கோயில். நண்பகலிற் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். மாலையில் நிலாவெளிக் கடல். இருட்டியதும் பஸ் ஏறி ஊர் திரும்புதல். மூன்றும் காணத்தக்கனவே. ஆயினும், இவ்வூரை உலகறியச் செய்த துறைமுகத்தை நின்று பார்த்துச் செல்வோர் அவர்களுள் மிகச் சிலரே. நான் ஆசிரியனாய் இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பின்னரும் வெளியூர் மாணவர் பலரை இந்நகரில் அழைத்துச் சென்றிருக்கிறேன். “துறைமுகத்தில் என்ன இருக்கிறது ஐயா, தண்ணீர்தானே?” என்று வினவியவர்களும் உண்டு. அவ்வினாவுக்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உட்துறைமுக வீதிக்கு வருக. குன்றுகள் அணைத்து நிற்க, அலையின்றி உறங்கும் அகன்ற நீர்ப்பரப்பு கண்முன் விரியும். இந்த அமைதியின் விலை யாது என்பதை அறிய வேண்டுமாயின், வங்காள விரிகுடாவின் படத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். சோழமண்டலக் கரை நெடுகிலும் பெருங்கப்பல்கள் ஒதுங்குதற்கேற்ற இயற்கைத் துறை இல்லை. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், பாய்க்கப்பல்களுக்கு அக்கரை மரணக் கரையாகிவிடும். அக்காலத்தில் அண்மையிற் கிடைத்த புகலிடம் இத்துறை ஒன்றே. ஆகவே சென்னையில் இருந்த ஆங்கிலேயனும் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரனும் இந்தியாவுக்காகப் போரிட்டபோது, இருவர் கண்களும் இங்கேயே நிலைத்தன.

1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தை மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். ஆவணியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் அவர்களை வெளியேற்றினார். செப்டெம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் இக்கரைக்கு எதிரே பொருதன. ஓராண்டுக்குள் மூன்று கொடிகள்! போர் முடிந்தபின் உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்த நகரம், 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்தன. ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை 1957இலேயே ஒப்படைத்தனர். சீனன்குடாப் பக்கம் காட்டினிடையே நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் அவர்கள் விட்டுச் சென்ற சுவடு.

இத்துறையின் சிறப்புக்கு ஆழமும் ஒரு காரணம். கடலடியிலுள்ள பெரும் பள்ளத்தாக்கொன்று, மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா வரை நீண்டு கிடக்கின்றது. நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இத்துணை அண்மையில் வருவதும் அவ்வாழத்தினாலேயே. பங்குனி தொடங்கிச் சில மாதங்கள் கடல் அமைதியாய் இருக்கும்போது, படகிற் சென்று அவற்றைக் காணலாம். அக்குடாவின் மறுகரையில் உள்ளது மூதூர். புயலில் முறிந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் நாடி 1660இல் அங்கு இறங்கியவர்களுள் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனும் ஒருவன். கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கிய அவன், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து, தப்பிச் சென்று 1681இல் எழுதிய நூல் இலங்கையை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது.

துறைமுகத்தைக் கண்டபின் கோட்டைக்குச் செல்வதே முறை. பிரெடெரிக் கோட்டை என்பது அதன் பெயர். அது ஓர் ஆங்கில மன்னனுடைய மகனின் பெயர். கோட்டையை எழுப்பியவர் போர்த்துக்கேயர், திருத்திக் கட்டியவர் ஒல்லாந்தர், கல்லோ கோணேசருடையது. 17ஆம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தில் கொன்ஸ்தாந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி, சம்பந்தர் பதிகம் பெற்ற பழங்கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே இதனைக் கட்டுவித்தான். வாயிலிற் பதிந்துள்ள சிதைந்த தமிழ்க் கல்வெட்டைப் பெரும்பாலோர் கவனியாமலே நுழைகின்றனர். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்று முன்கூட்டிச் சொல்வதாக அதனைப் படித்துள்ளனர். மாணவரை ஐந்து நிமிடம் அங்கே நிறுத்துங்கள். இடித்தவன் கட்டிய சுவரிலேயே இடிக்கப்பட்டதன் சொல்லும் இருக்கின்ற காட்சி, எந்தப் பாடநூலிலும் கிடைக்காதது.

உள்ளே இன்றும் இராணுவ முகாம் உண்டு. மர நிழலிற் புள்ளிமான்கள் மனிதரை அஞ்சாது மேய்கின்றன. மேலே ஏறினால் சுவாமிமலை. கடலை நோக்கிச் செங்குத்தாய் இறங்கும் அப்பாறையில் இராவணன் வெட்டு உள்ளது. தாய்க்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் என்பர்.

அங்கேயே பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687ஆம் ஆண்டும் பொறித்த தூண் ஒன்று உண்டு. காதலன் கப்பலேறிப் பிரிந்ததைக் கண்டு அவள் இம்முனையிலிருந்து பாய்ந்து மாய்ந்தாள் என்று வழிகாட்டுவோர் உருக்கமாகச் சொல்வர். ஆயின் அவள் பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தமையை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன. அத்தூணே பழங்கோயிலின் தூண் எனக் கருதப்படுவதை வழிகாட்டுவோர் பலர் சொல்வதில்லை. இங்கே ஆசிரியருக்கு ஒரு கடமை உண்டு. கதையைச் சொல்லுங்கள், அது மக்கள் மனத்தின் படைப்பு. ஆவணத்தையும் சொல்லுங்கள். இரண்டினையும் அருகருகே வைத்தால், வரலாறு என்பது யாது என்ற வினா மாணவன் உள்ளத்தில் தானாகவே எழும்.

இடிக்கப்பட்ட கோயில் முற்றாக மறைந்துவிடவில்லை. 1950இல் நகரிற் கிணறு தோண்டியபோது, புதைத்துக் காக்கப்பட்ட சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் பாறையின் கீழே கடலுள் மூழ்கி, செதுக்கிய கற்களும் தூண்களும் கிடப்பதைக் கண்டனர். புதிய கோயிலுக்கு 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில் இல்லாத பாறையையும் கடலையும் நோக்கி மக்கள் வழிபட்டு வந்தனர் என்பதை எண்ணும்பொழுது, எனக்குக் கோபுரத்தினும் அந்த வெறும் பாறையே பெரிதாகத் தோன்றுகிறது.

கன்னியாவைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. ஆழமற்ற ஏழு சிறு கிணறுகள். ஒன்றின் வெப்பம் மற்றொன்றில் இல்லை. நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய நீர் சூடேறி மேலெழுகிறது என்பது அறிவியல். இராவணன் தாய்க்கு அந்திமக் கிரியை செய்யும்பொருட்டு உண்டாக்கியவை என்பது ஐதிகம். இறந்தார்க்குக் கடன் கழிக்கத் தமிழர் அங்கு கூடுவதும் நெடுநாள் வழக்கம். அவ்விடத்தின் மரபுரிமை பற்றி அண்மைக் காலத்தில் வழக்கும் எழுந்தது. ஊரவர் தம் இடத்தின் செய்திகளை எழுதி வைத்தல் எத்துணை அவசியம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆங்கில இலக்கியம் கற்போர் நகரிலுள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டையும் காணலாம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இற் பர்மாவில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவுக்குச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள்: பவளத்தின் மீது கால் வைக்காதீர். அது கல்லன்று, உயிர்.

விடியற்காலையிற் கடற்கரைக்குச் செல்ல முடியுமாயின், கரைவலை இழுப்பதைக் கண்டு வாருங்கள். வலைக்கயிற்றைப் பற்றி இழுப்போர் கூட்டாகப் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். மன்னர் பெயரோ தளபதி பெயரோ அதில் வாராது. உழைப்பின் மூச்சே அதன் தாளம். கொடிகள் மாறியபோதெல்லாம் மாறாதிருந்தது இந்தத் தாளம்தான். போர்க்காலத்தில் மீன்பிடித் தடைகளையும், 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளையும் கண்ட கரை இது.

இப்பொழுது இலக்கிய அன்பர்களிடம் ஒன்று கூற விரும்புகிறேன். இத்துறையைப் பற்றி நொக்ஸ் எழுதினான், கிளாக் எழுதினார், கடற்படையினர் எழுதிய குறிப்புகளோ எண்ணில. நமக்குக் கோணேசர் கல்வெட்டும் தட்சிண கைலாச புராணமும் உள. அவை கோயிலைப் பாடுவன. இவ்வூரவராகிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’, தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. அதன் களமோ நாயக்கர் காலத் தமிழகம். அதற்காக அவரைக் குறை கூறுதல் தகாது. ஆனால் துறைமுகத்திற் சுமை இறக்கியவனையும், எண்ணெய்த் தாங்கிக்கு மண் சுமந்தவளையும், குண்டு விழுந்த நாளிற் காட்டுக்கு ஓடிய குடும்பத்தையும் தமிழில் நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்? 1942ஐக் கண்ணாற் கண்டோர் அருகி வருகின்றனர். அவர்களோடு அவர்களின் சொல்லும் போய்விடும்.

ஆகவே ஆசிரியர்களே, ஒரு நாளை இரண்டு நாளாக்குங்கள். திரும்பியபின் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவனும் இந்நகரிலே தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ ஆன முதியவர் ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதை அவர் மொழியிலேயே இரண்டு பக்கம் எழுதி வரட்டும். நாற்பது மாணவர் எழுதினால் எண்பது பக்கம். கல்லிலிருந்து ஒரு கோயிலை மீட்க முந்நூறு ஆண்டு சென்றது. சொல்லிலிருந்து ஒரு நகரத்தை மீட்க ஒரு வகுப்பறையும் சில பேனாக்களும் போதும்.