மேஜைக்கு அளவெடுத்த குழந்தைகள்

2020-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிப் பருவத்துக்கு முற்பட்ட குழந்தைகளின் கல்வியைப் பற்றிப் பேசுமிடத்தில், அது விளையாட்டின் வழியாகவும், செயல்களின் வழியாகவும், வினவி ஆராய்வதன் வழியாகவும் அமையவேண்டும் என்று மூன்று மார்க்கங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகளைக் குறித்து நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் எத்தனையோ நடந்தபோதிலும், இந்த வாக்கியத்தோடு சண்டைக்குப் போனவர்களை அதிகமாகக் காணோம். விளையாட்டு எல்லோருக்கும் விளங்குகிறது. செயல் என்பதையும் ‘ஆக்டிவிட்டி’ என்ற பெயரில் பெற்றோர் நன்கு அறிவார்கள். மூன்றாவதாகிய வினவிக் கற்றல் என்பது யாது, ஐந்து வயதுக் குழந்தை எதைத்தான் ஆராயும், ஆராய்ச்சி என்ற பாரமான சொல்லை அந்தச் சிறு பிராயத்தின்மேல் சுமத்துவது நியாயமா என்ற சந்தேகங்களுக்கு மட்டும், எல்.கே.ஜி. சேர்க்கைக் காலத்தில் வீடு தேடி வரும் வர்ணத் துண்டுப் பிரசுரங்களில் சமாதானம் கிடைப்பதில்லை.

முதலில் எது வினவிக் கற்றல் அன்று என்பதைச் சொல்லிவிடுவது சௌகரியம். ஆசிரியை ஆப்பிள் படம் அச்சிட்ட தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, சிவப்புக் காகிதத்தைக் கிழித்து அதன்மேல் ஒட்டச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது குழந்தைகள் முப்பது சிவப்பு ஆப்பிள்களைச் செய்து முடிக்கின்றன. விரல்களுக்கு நல்ல பயிற்சிதான், குழந்தைகளுக்குச் சந்தோஷமும்தான். ஆயினும் அந்த அரைமணி நேரத்தில் எந்தக் குழந்தையின் மனத்திலும் ஒரு கேள்வி எழவேண்டிய அவசியம் நேரவில்லை, ஏனெனில் முடிவு இன்னதென்று தாளிலேயே அச்சிட்டாயிற்று. அதே ஆப்பிளைக் குறுக்கே அறுத்தால் உள்ளே விதைகள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே வரையச் சொல்லி, பிறகு அறுத்துக் காட்டி, வரைந்ததையும் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவிட்டால், செலவு ஒரு பழமும் ஒரு கத்தியுமே. காரியமோ முற்றிலும் வேறாகிவிடுகிறது. கண்முன் உள்ள ஒரு பொருளிலிருந்து கேள்வி பிறப்பதும், அதற்குக் குழந்தை தன் புத்திக்கு எட்டியவரையில் ஓர் ஊகம் சொல்வதும், அந்த ஊகத்தைக் கையால் சோதித்துப் பார்ப்பதும், கண்டதைப் படமாகவோ பேச்சாகவோ பதிவு செய்வதும், அதிலிருந்து அடுத்த கேள்வி கிளைப்பதும் ஆகிய இந்தத் தொடர்ச்சிக்குத்தான் கல்வியாளர்கள் வினவிக் கற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது புதிய சரக்கு அல்ல. ஜெர்மனியில் பிரடெரிக் புரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் தொடங்கி, 1840-இல் கிண்டர்கார்ட்டன் என்று நாமகரணம் செய்த பள்ளியிலேயே, பந்தும் மரக்கட்டையும் தோட்டமுமாகக் குழந்தைகள் தாமே கையாண்டு கற்கும் வழி வகுக்கப்பட்டிருந்தது. (பந்து உருட்டும் இந்தப் பள்ளிகளில் ராஜத்துரோகத்தையும் நாஸ்திகத்தையும் மோப்பம் பிடித்த பிரஷ்ய அரசாங்கம் 1851-இல் அவற்றைத் தடை செய்து, 1860-இல்தான் தடையை நீக்கிற்று; குழந்தைகளின் கேள்விகளுக்கு அஞ்சுபவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்ல என்று தெரிகிறது.) அமெரிக்காவில் ஜான் டூயி 1896-இல் சிகாகோ சர்வகலாசாலையில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் திறந்தார். ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் 1907-இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், யுத்தத்தின் காரணமாக ஐரோப்பா திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கி அங்கும் தம் பணியைத் தொடர்ந்ததும் நம் நாட்டுச் சரித்திரத்தில் சேர்ந்த விஷயங்கள்.

எனினும், வினவிக் கற்றல் ஒரு வகுப்பறைக்குள் எவ்வாறு நடக்கிறது என்பதை அடி அடியாகக் காண விரும்புகிறவர்கள் போகவேண்டிய இடம், வட இத்தாலியில் உள்ள ரெஜியோ எமிலியா என்னும் நகரம். 1945-ஆம் ஆண்டு வசந்தத்தில், யுத்தம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்த வேளையில், அந்நகருக்கு அருகேயுள்ள வில்லா செல்லா கிராமத்து ஜனங்கள், ஜெர்மானியர் விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தைக்கொண்டு, இடிபாடுகளிலிருந்து செங்கல் பொறுக்கித் தம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்டத் தொடங்கினார்கள். அச்செய்தியைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போய்ப் பார்த்த லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர், அதன்பின் தம் ஆயுள் முழுவதையும் அந்தக் காரியத்துக்கே அர்ப்பணித்தார். 1963-இல் நகரசபையே முதல் பாலர் பள்ளியை ஏற்படுத்திற்று. 1991-இல் நியூஸ்வீக் பத்திரிகை உலகின் சிறந்த பள்ளிகளைப் பட்டியலிட்டபோது, இந்நகரத்து டயானா என்ற பாலர் பள்ளி அதில் இடம்பெற்றது.

அந்த டயானா பள்ளியில் ஒருமுறை ஐந்தாறு வயதுக் குழந்தைகளின் வகுப்புக்கு, ஏற்கெனவே இருந்ததைப் போன்ற இன்னொரு மேஜை தேவைப்பட்டது. தச்சரை அணுகினார்கள், அளவு கொடுத்தால் செய்து தருகிறேன் என்றார் அவர். நம்மூர்ப் பள்ளியாக இருந்தால், ஆசிரியை ஓர் அளவுநாடாவை எடுத்து இரண்டே நிமிஷத்தில் காரியத்தை முடித்திருப்பார். இத்தாலியிலும் பெரும்பாலான பள்ளிகளில் அதுவே நடந்திருக்கும். இங்கோ ஆசிரியைகள், அளக்கும் பொறுப்பைக் குழந்தைகளிடமே ஒப்படைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளலானார்கள்.

குழந்தைகள் முதலில் தங்கள் உடம்பையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். விரல், கை, கால் என்று வகைவகையாக மேஜையின்மேல் வைத்துப் பார்த்தார்கள். இதில் குழந்தைத்தனம் என்று சிரிக்க ஒன்றுமில்லை. சாணும் முழமும் கொண்டு பூ விற்கும் நாட்டில் பிறந்த நமக்கு அது விளங்காமற் போகாது. சங்கடம் எங்கே எழுகிறதென்றால், ஒரே மேஜை ஒருவன் கைக்கு ஒரு கணக்கும் இன்னொருத்தி கைக்கு வேறொரு கணக்குமாக வருமிடத்தில் எழுகிறது. கையை வைத்துத் தூக்கி மறுபடி வைக்கையில் நடுவே சந்து விட்டாலும், ஒன்றன்மேலொன்று ஏறிக்கொண்டாலும் கணக்குப் பிசகுகிறது. இடையில் ஆசிரியைகள், யார் எவ்வளவு தூரம் தாண்டினார்கள் என்று பார்க்கும் தாண்டல் விளையாட்டொன்றை நுழைத்து, தூரத்தை ஒப்பிடவேண்டிய நிர்ப்பந்தத்தை உண்டாக்கினார்கள். பிறகு குழந்தைகள் காகிதத்தை நீளமாக வெட்டி, அதில் இலக்கங்களை எழுதி, ஆளுக்கொரு ‘மீட்டர்’ தயார் செய்தார்கள். இலக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒவ்வொருவர் காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தபடியால், அந்த மீட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

கடைசியில் ஒரு சிறுவன் தன் காலணியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். யார் கையில் எடுத்து அளந்தாலும் காலணி நீளமாவதுமில்லை, குட்டையாவதுமில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட, மாறாத ஓர் அலகு கிடைத்துவிட்டது. மானிட வர்க்கம் பல தலைமுறைகளில் கடந்த தூரத்தை அவ்வகுப்பு ஒரு மேஜையைச் சுற்றி வந்தே கடந்துவிட்டது என்று சொன்னால் அதை அதிசயோக்தி என்று தள்ளமாட்டேன். அதற்குப் பிறகுதான் உண்மையான மீட்டர் கோல் அரங்கத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் அது குழந்தைகளுக்கு ஆசிரியை திணித்த கருவியாகத் தோன்றவில்லை. தாங்கள் தேடிக்கொண்டிருந்த பொருளாகவே தோன்றிற்று. மேஜையின் படத்தை வரைந்து அளவுகளைக் குறித்துத் தச்சரிடம் சேர்ப்பித்தார்கள், மேஜையும் வந்தது. இந்த வரலாற்றை ‘காலணியும் மீட்டரும்’ என்று பொருள்படும் தலைப்பில், குழந்தைகளின் சித்திரங்களோடு, அந்நகரத்தார் தனிப் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆசிரியைகள் சும்மா இருந்தார்கள் என்று இதைப் படித்துவிட்டு யாரேனும் முடிவு கட்டினால் அது பெரிய தவறு. தாண்டல் விளையாட்டை எப்போது நுழைப்பது, மீட்டர் கோலை எந்தக் கட்டம்வரையில் ஒளித்துவைப்பது, எந்தக் குழந்தையின் எந்தச் சொல்லை வகுப்பின் காதில் திரும்பப் போடுவது என்பவையெல்லாம் நுட்பமான யோசனையின் விளைவுகள். விடை தெரிந்தும் அதைச் சொல்லாமலிருப்பதற்கு, தெரிந்ததைச் சொல்லிவிடுவதைக் காட்டிலும் அதிகத் தேர்ச்சி வேண்டும்.

இத்தனைக்கும் இத்தாலிக்கே போகவேண்டும் என்பதில்லை. ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீரும், கூழாங்கல், மரக்கட்டை, இரும்பு ஆணி, காய்ந்த இலை, களிமண் ஆகியனவும் எந்த அங்கன்வாடியிலும் கிடைக்கும். எது மிதக்கும், எது மூழ்கும் என்று கேட்டால், கனமானது மூழ்கும் என்று நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சொல்லிவிடும். ஸ்விட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞர் ழான் பியாஜே குழந்தைகளிடம் இதே கேள்வியைக் கேட்டு விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். அந்த விடையை ஆசிரியை மறுக்க வேண்டியதில்லை. பெரிய மரக்கட்டையையும் சிறிய கூழாங்கல்லையும் கொடுத்துவிட்டால் தண்ணீரே மறுத்துவிடும். அடுத்தபடியாக, உருண்டையாகப் போட்டால் மூழ்கும் களிமண்ணையே கிண்ணம்போல் குழித்து வைத்தால் மிதக்கக் காண்கிற குழந்தை, எடை ஒன்றே காரணமல்ல, உருவத்திலும் ஏதோ இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேருகிறது. அடர்த்தி என்ற சொல் அப்போது தேவையில்லை. ஏழாம் எட்டாம் வகுப்பில் அச்சொல் வரும்போது அது உட்காருவதற்கு ஓர் ஆசனம் தயாராக இருந்தால் போதும். காலையிலும் நடுப்பகலிலும் ஒரே குழந்தையின் நிழலைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து பார்ப்பதும், இரண்டு சட்டியில் பயறு விதைத்து ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவதும் இதே ஜாதியைச் சேர்ந்தவை.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் கனமானது ஒன்று உண்டு. குழந்தைகளைத் தாமே கண்டுபிடிக்க விட்டால் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்பது அது. 164 ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாராய்ச்சி, துணையின்றித் தாமே கண்டுபிடிக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் நேரடியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களே நன்றாகக் கற்றார்கள் என்றும், தக்க துணையோடும் கேள்விகளோடும் கண்டுபிடிக்க விடப்பட்டவர்கள் மற்ற எல்லோரையும்விட மேலாகக் கற்றார்கள் என்றும் காட்டிற்று. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு எதிர்ப்பக்கத்தை வெளிச்சமாக்குகிறது. பல ரகசியங்கள் கொண்ட ஒரு விளையாட்டுப் பொருள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், மற்ற இடங்களில் விளக்கும் இசையும் ஒளிந்திருக்கும் கண்ணாடியும் உண்டு. இதோ பார், இப்படித்தான் இது வேலை செய்யும் என்று கீச்சொலியை மட்டும் பெரியவர் கற்பித்துக் காட்டிய குழந்தைகள், அதோடு திருப்தியடைந்து, சீக்கிரமே விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். அகஸ்மாத்தாகச் சத்தம் வந்ததுபோல் பெரியவர் பாவனை செய்த குழந்தைகளோ மற்ற ரகசியங்களையும் தேடிக் கண்டார்கள். ஆசிரியர் சொன்னதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்று குழந்தை நியாயமாகவே அனுமானம் செய்துகொள்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், ஆசிரியை கைகழுவிவிடவும் கூடாது, முந்திரிக்கொட்டையாக முந்திக்கொள்ளவும் கூடாது என்றாகிறது.

கேள்வி கேட்கும் சுபாவத்தைப் பள்ளி புதிதாக ஊட்டவேண்டியதில்லை. இங்கிலாந்தில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஏறக்குறைய நான்கு வயதுள்ள 30 சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் பாலர் பள்ளியிலும் ஒலிப்பதிவு செய்து 1984-இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரி 26 கேள்விகள் கேட்ட அதே குழந்தைகள், பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டவை மணிக்கு இரண்டே. அந்தப் பள்ளிகள் கொடுமையான பள்ளிகளும் அல்ல. அன்பும் பொம்மைகளும் நிறைந்தவை. பெரியவர் கேட்பார், குழந்தை பதில் சொல்லும் என்ற சம்பிரதாயம் மட்டும் அங்கே இருந்தது.

நம் ஊரில் இதைக் கைக்கொள்வதற்குத் தடையாக இருப்பது உபகரணம் அல்ல, வகுப்பின் கூட்டமும் பாடத்தை முடிக்கும் அவசரமுமே என்பது என் அபிப்பிராயம். ரெஜியோ எமிலியாவில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள். கலைக்கூடத்துக்கென்று தனியாக ஒருவர். ஒரே ஆசிரியையிடம் நாற்பது குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு, டிசம்பருக்குள் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் நூறுவரை எண்ணும் முடிந்தாகவேண்டும் என்று நிர்வாகம் நெருக்கினால், எப்பேர்ப்பட்ட ஆசிரியையும் விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குத்தான் போவார். அவரைக் குறைகூறிப் பிரயோஜனமில்லை. இந்த நெருக்குதலுக்கு நிர்வாகம் மட்டும் காரணமல்ல. மாலையில் பையைத் திறந்து, இன்று எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேட்கும் பெற்றோருக்கும் அதில் பங்குண்டு. கட்டாய இலவசக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரையில்தான் உரிமையாக்கியிருக்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதுக் குழந்தையின் வகுப்பில் என்ன நடக்கிறதென்று கேட்கவேண்டிய பொறுப்பு, பெரும்பாலும் பெற்றோரின் தலையிலேயே விழுகிறது.

ஆகையால், வருகிற கல்வியாண்டுக்காகப் பள்ளி தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்தையும் கணினி அறையையும் சுற்றிக்காட்டி முடித்த பிறகு, ஒரு பாலர் வகுப்பின் வாசலில் பத்து நிமிஷம் நிற்க அநுமதி கேளுங்கள். உள்ளே கேட்கும் கேள்விகளில் ஆசிரியையுடையவை எத்தனை, குழந்தைகளுடையவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குழந்தை கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். கட்டணத்தைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.