எது கடினம்? 5 சதமா, 5 புள்ளியா?

கோவை வீரர்கள் இருவர். ஒருவர் கிரிக்கெட்டில் சாதித்தார். மற்றவர் கார் பந்தயத்தில் சாதித்தார். எவருடைய சாதனை கடினமானது?

அடுத்தடுத்து 5 சதம்

2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பைப் போட்டியில், ஜெகதீசன் அடுத்தடுத்து 5 ஆட்டங்களில் சதம் அடித்தார். 'லிஸ்ட் ஏ' எனப்படும் ஒருநாள் ஆட்டங்களில் இப்படிச் செய்தவர் உலகிலேயே அவர்தான் முதல்வர். இலங்கையின் சங்கக்காரா கூட 4 சதத்தோடு நின்றார்.

ஐந்தாவது ஆட்டத்தில் 277 ரன் குவித்தார். அன்று எதிரணி அருணாசலப் பிரதேசம். 'பலம் குறைந்த அணிதானே!' என்று சிலர் சொல்லலாம். ஆனால் முந்திய நான்கு சதங்கள் வேறு நான்கு அணிகளுக்கு எதிராக அடித்தவை. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். ஒரே பந்து போதும், ஆட்டம் முடிந்துவிடும்!

ஓடியவை 6 கார்கள்

நரேன் கார்த்திகேயன், 'பார்முலா 1' பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19-ந் தேதி அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். அன்று டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிவிட்டன. ஓடியவை ஆறே கார்கள்!

எனவே, 5 புள்ளியைவிட 5 சதமே கடினம்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. கிரிக்கெட் மட்டை தெருவுக்குத் தெரு இருக்கிறது. பந்தயக் கார் அப்படியா? அன்று உலகம் முழுவதற்கும் இருந்தது 20 இடம். அதில் ஒன்றைப் பிடித்தாரே, அதுதான் நரேனின் உண்மையான சாதனை!