பழைய விமானம் என்றால் பயமா? கட்டுமாவடிக் கடலோரத்தில் ஒரே பேச்சு!

கட்டுமாவடி—

"புது டெர்மினல் வந்தாச்சு. புது விமானம் எப்போ வரும்?"

திருச்சி விமான நிலையம் என்று பேச்செடுத்தாலே கடலோரத்தில் கிளம்பும் கேள்வி இது.

கட்டுமாவடி எங்கே, விமானம் எங்கே என்று கேட்கத் தோன்றும். புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி தாலுகாவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது ஊர். மீன் மார்க்கெட்டுக்குப் பேர் போனது. கொஞ்ச தூரம் தாண்டினால் தஞ்சை மாவட்டம். ஆனால் துபாய், சார்ஜா, சிங்கப்பூர், மலேசியா என்று பிழைப்புக்குப் போனவர்கள் இந்தக் கரையில் ஏராளம். அவர்களுக்கு வாசல், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் திருச்சி.

வேன் பிடித்து குடும்பமே போய் வழியனுப்பிவிட்டு வரும். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே வீட்டில் ஒரு குரல் கேட்கும்:

"தம்பி, பழைய வண்டியில மட்டும் போட்டுடாதப்பா!"

இந்தப் பயத்தில் நியாயம் உண்டா?

வானத்தில் இரண்டரை மணி நேரம்

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை நாள். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு மாலையில் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறில் சிக்கியது. உள்ளே நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள்.

விமானம் உடனே இறங்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து வானத்தில் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது! டி.வி.யில் பார்த்தவர்களுக்குக் கையும் காலும் ஓடவில்லை. திருச்சியில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசையாக நின்றன. இரவு எட்டு மணி தாண்டி விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை.

ஏன் அத்தனை நேரம் சுற்ற வேண்டும்? காரணம் சுலபம். நாலு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருள் அப்படியே இருந்தது. அந்தக் கனத்தோடு இறங்கினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஆபத்து. சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட வசதி உண்டு. போயிங் 737 ரகத்தில் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகவே அந்தச் சுற்றல் தவிப்பல்ல, கணக்கு.

இன்னொன்று. 737-ல் ஹைட்ராலிக் ஒன்றல்ல. ஏ, பி என்று இரண்டு, அதற்கு மேல் அவசரத்துக்கு ஒன்று. எல்லாம் கைவிட்டாலும் சக்கரத்தை அதன் சொந்த எடையாலேயே கீழே இறக்க வழி இருக்கிறது. "ஒன்று போனால் இன்னொன்று" என்றுதான் விமானத்தையே கட்டுகிறார்கள்.

ஆனால் மறுநாள் டீக்கடைகளில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? "எத்தனை வருஷத்து வண்டிப்பா அது?" என்பதுதான் ஒரே கேள்வி!

வயசு எதில் இருக்கிறது?

மனிதனுக்கு வயசு வருஷத்தில். விமானத்துக்கு அப்படியல்ல. அது எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியமான வயசு.

விமானம் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே மூச்சுவிடக் காற்று போதாது. உள்ளே காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுகிறார்கள். உடம்பு லேசாக உப்புகிறது. இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு பயணத்துக்கு ஒரு தடவை. கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி வந்தால் ஒரு நாள் பட்டென்று விடும் அல்லவா? அதேபோல ஆணி அடித்த இடங்களில் மயிரிழை விரிசல் விழும்.

நாலு மணி நேரம் சார்ஜாவுக்குப் பறந்தாலும் ஒரு தடவைதான். ஒரு மணி நேரம் சென்னைக்குப் பறந்தாலும் ஒரு தடவைதான். ஆகவே ஊருக்குள்ளேயே ஓடும் விமானம் சீக்கிரம் கிழடாகும். கண்டம் தாண்டும் விமானம் மெதுவாகக் கிழடாகும்.

இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கோர சம்பவம்.

கூரை பிய்ந்தது!

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகள். அலோஹா ஏர்லைன்ஸ் என்ற கம்பெனியின் போயிங் 737. வயது 19 வருஷம். அது முடித்திருந்த பயணங்களோ 89,680! இந்த ரகத்துக்குக் கம்பெனி போட்டிருந்த கணக்கே 75,000தான்.

தீவுக்குத் தீவு குட்டிப் பயணம். ஒரு நாளைக்குப் பல தடவை ஏற்றம், இறக்கம். சுற்றிலும் கடல், உப்புக் காற்று. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், உள்ளே துரு ஏறி, ஆணித் துளைகளில் விரிசல் ஓடியிருந்தது.

24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது! விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. பெல்ட் போட்டிருந்த பிரயாணிகள் திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். விமானிகள் இருவரும் அந்த நிலையிலும் பக்கத்துத் தீவில் தரையிறக்கினார்கள். மீதி 94 பேரும் பிழைத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் நெஞ்சை உறுத்தும். விமானத்தில் ஏறும்போதே ஒரு பிரயாணி, கதவுப் பக்கம் விரிசலைப் பார்த்திருக்கிறார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை!

இதன் பிறகுதான் பழைய விமானங்களுக்குத் தனிச் சோதனை என்று உலகமெங்கும் விதிகள் இறுகின. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று கட்டுமாவடிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

புதுசு என்றால் பயமில்லையா?

அப்படியானால் புது விமானத்தில் ஏறினால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

1990 பிப்ரவரி 14, பெங்களூர். இந்தியன் ஏர்லைன்சின் ஏர்பஸ் 320 இறங்கும்போது நொறுங்கியது. 92 பேர் பலி. அந்த விமானம் வந்து 2 மாதம்கூட ஆகவில்லை!

2010 மே 22, மங்களூர். ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த போயிங் 737-க்கு 3 வயதுகூட நிரம்பவில்லை. 158 பேர் பலி.

2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் கடலில் விழுந்த லயன் ஏர் விமானம், போயிங்கின் அப்போதைய புத்தம் புது 737 மேக்ஸ். வாங்கி 3 மாதம்கூட ஆகவில்லை. 189 பேர் பலி. ஐந்து மாதத்துக்குள் எத்தியோப்பியாவில் இன்னொன்று. 157 பேர். உலகம் முழுக்க மேக்ஸ் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. இந்தியாவில் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது 2021 ஆகஸ்டில்தான்.

மறுபக்கம், 2000 ஜூலையில் பாட்னாவில் விழுந்த அலையன்ஸ் ஏர் விமானத்துக்கு வயது 20. பலி 60. "ஓட்டை விமானம்" என்று நாடே கொதித்தது. விசாரணை முடிவு என்ன? கோளாறு விமானத்தில் இல்லை, ஓட்டிய விதத்தில் என்றார்கள்.

திருச்சிக்கே ஒரு கதை உண்டு. 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய விமானம் மதில் சுவரை இடித்துக்கொண்டே ஏறியது. வயிற்றில் கிழிசலோடு மும்பையில் இறங்கியது. விசாரணையில் வந்த காரணங்களில் ஒன்று, ஓடுபாதையில் ஓடும்போது கேப்டன் சீட்டின் சாய்மானம் பின்னால் சரிந்ததும், அப்போது இன்ஜின் வேகம் தெரியாமல் குறைந்துபோனதும்! இன்ஜின் அல்ல, இறக்கை அல்ல, ஒரு நாற்காலி!

விமானிகள் என்ன பேசுகிறார்கள்?

விமானிகள் கூடும் இடத்திலும் இதே விஷயம்தான். ஆனால் பேச்சின் சூடு வேறு.

எந்தப் புது ரகம் வரும்? எந்தப் பழசு போகும்? யாரை அனுப்புவார்கள்? இதுதான் அவர்களுடைய ஆரூடம். காரணம் இருக்கிறது. பஸ் டிரைவர் எந்த பஸ்சையும் எடுப்பார். விமானி அப்படி முடியாது. ரகத்துக்கு ரகம் தனிப் பயிற்சி, தனி அனுமதி. போயிங்கில் ஸ்டியரிங் போல் முன்னால் பிடி. ஏர்பஸ்சில் பக்கத்தில் ஒரு குச்சி! மாறினால் வாரக்கணக்கில் சிமுலேட்டரில் உட்கார வேண்டும். துணை விமானி கேப்டன் ஆவதும் எந்த ரகத்தில் இடம் காலி என்பதைப் பொறுத்தது.

டாடா கைக்கு ஏர் இந்தியா போனது 2022 ஜனவரியில். 2023 பிப்ரவரியில் ஒரே மூச்சில் 470 விமானங்களுக்கு ஆர்டர்! ஏர்பஸ் 250, போயிங் 220. அதே ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. 1971-ல் வந்து இறங்கிய ஜம்போ 747 ரகம், 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கடைசியாகக் கிளம்பி, இறக்கையை ஆட்டி விடைபெற்றது. பல விமானிகளுக்குக் கண் கலங்கியது.

புதுசுக்கு ஏன் இத்தனை அவசரம்? பாதுகாப்பு மட்டுமல்ல, காசு! புது ஏர்பஸ் 320 நியோ, முந்தைய ரகத்தைவிட 15 முதல் 20 சதவீதம் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்கிறது கம்பெனி. பழசோ எண்ணெயும் குடிக்கும், பழுதும் கேட்கும்.

ஆர்டர் போட்டால் போதுமா?

இங்கேதான் சிக்கல். கேட்டவுடன் விமானம் கிடைக்காது. தொழிற்சாலைகள் தாமதிக்கின்றன. ஏர் இந்தியா எக்ஸ்பிரசுக்கு 2023 கடைசியில் வர ஆரம்பித்த மேக்ஸ் விமானங்களில் பல, சீனக் கம்பெனிகளுக்காகக் கட்டப்பட்டு விலைபோகாமல் நின்றவை.

வந்த புதுசும் சில சமயம் நின்றுவிடுகிறது. ப்ராட் அண்ட் விட்னி கம்பெனியின் புது இன்ஜின்களில் உலோகக் குறை என்று தெரிந்தது. அந்த இன்ஜின் பூட்டிய இண்டிகோ விமானங்கள் டஜன் கணக்கில் தரையில் முடங்கின. கோ பர்ஸ்ட் கம்பெனி இன்ஜினைக் காரணம் காட்டியே 2023 மே மாதம் கடையை மூடியது. விளைவு? புதுசு கொட்டகையில் தூங்க, பழசுகளின் வாடகைக் காலத்தை நீட்டி ஓட்டினார்கள்! வேடிக்கை, ஆனால் உண்மை.

கடலோரத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. பாக் விரிகுடாவில் பழைய இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம் என்று 2017-ல் அரசுத் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம். மானியம் போக மீதிக்குக் கைக்காசும் கடனும். "புதுசு நல்லதுதான். ஆனா யாரால முடியும்?" என்று தயங்கியவர்கள் பலர்.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே பழைய விமானங்கள் இன்னும் சில காலம் பறக்கத்தான் போகின்றன. அப்படியானால் உயிர் யார் கையில்?

மெக்கானிக் கையில், இன்ஜினீயர் கையில், பழுதை நோட்டில் எழுதும் விமானி கையில்.

ஒவ்வொரு விமானத்திலும் பழுதுப் பதிவேடு உண்டு. கேப்டன் கண்ட குறையை அதில் எழுத வேண்டும். லைசென்சு பெற்ற இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னக் குறை என்றால் கெடு வைத்துப் பிறகு சரிசெய்ய விதி இடம் கொடுக்கிறது. பெரிய குறை என்றால் விமானம் நகரக் கூடாது. கேப்டனுக்குத் திருப்தி இல்லை என்றால் "எடுக்க மாட்டேன்" என்று சொல்லலாம். சில வருஷத்துக்கு ஒரு முறை உட்புறம் முழுவதையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு தகடாகப் பார்ப்பார்கள். பறக்கத் தகுதி உண்டா என்று வருஷா வருஷம் சான்று வேறு.

அந்தக் கையெழுத்து ஒழுங்காக இருந்தால் 20 வருஷ விமானமும் பத்திரம். அவசரத்தில் போட்ட கையெழுத்து என்றால் 2 மாத விமானமும் ஆபத்து.

அதனால், விமானம் இரண்டு மணி நேரம் தாமதம், பழுது பார்க்கிறார்கள் என்று மைக்கில் சொன்னால், கவுண்டரில் சண்டைக்குப் போக வேண்டாம். ஏறும்போது விரிசலோ, உடைந்த பாகமோ கண்ணில் பட்டால் கூச்சப்படாமல் பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். ஹவாயில் அந்தப் பிரயாணி சொல்லாமல் விட்டதை இன்றைக்கும் உலகம் பேசுகிறது.