மலை பிளந்து கடல் காணும் வழி

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் தொழில்களும் கருப்பொருள். மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இவை மூன்றும் கூடியவழியே திணை நிறைவுறும் என்பது நம் இலக்கண நூலார் துணிபு. குறிஞ்சியையும் நெய்தலையும் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஒருங்கே காட்டும் புகையிரதப் பாதையொன்றிற் சென்றபோது, இக்கோட்பாட்டின் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று.

அப்பாதை நியூசிலாந்தின் தென் தீவிலுள்ளது. கிழக்கே கிறைஸ்ட்சேர்ச் நகரிற் புறப்பட்டு, தென் அல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து, மேற்கே கிறேமவுத் துறையை அடைவது. நீளம் 223 கிலோமீற்றர். முதலிற் செம்மறிகள் மேயும் சமவெளி. அடுத்து, பல கால்களாய்ப் பிரிந்து பிரிந்து கூடும் வைமக்கரிரி ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. பின்னர், 737 மீற்றர் உயரத்தில் ஆதர் கணவாய் நிலையம். அதன் அப்பால் 8.5 கிலோமீற்றர் நீளமான ஓட்டிராச் சுரங்கம்.

சுரங்கத்தின் மறுவாயிலில் உலகமே வேறாகிறது. மேல்காற்றுச் சுமந்துவரும் ஈரத்தை மலை தடுத்துப் பொழிவிப்பதால் மேற்கே அடர்ந்த மழைக்காடு. கிழக்கே வறண்ட புல்வெளி. நம் மத்திய மலைநாடு பருவக்காற்றை மறித்து ஒரு புறத்தை ஈரமாகவும் மறுபுறத்தை உலர்வாகவும் ஆக்குவதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இவ்வழி காட்சிக்கென அமைந்ததன்று. மேற்குக் கரையில் நிலக்கரியும் மரமும் மிகுதி. ஆயினும் கிறேமவுத்தின் ஆற்றுமுகத்து மணற்றிட்டு மரக்கலங்களுக்குக் கூற்றமாய் நின்றது. தரைவழியோ, குதிரை வண்டிகள் இடர்ப்பட்டு ஏறிய கணவாய் ஒன்றே. ஆதலின் 1907 இல் மலையைக் குடையத் தொடங்கினர். ஒப்பந்தக்காரர் இடைநடுவே கைவிட, அரசே பணியை ஏற்றது. 1923 இலேயே சுரங்கம் திறக்கப்பட்டது. செங்குத்தான அந்நீள்வழியிற் புகை சூழ்ந்து மூச்சுமுட்டுமென்று அஞ்சி, அங்கு மின்சார இயந்திரங்களை ஓட்டினர். 1997 வரை அவை ஓடின.

மலையிறங்கிக் கிறே ஆற்றங்கரை வழியே கடலை நெருங்குகையில் பிறன்னர் என்னும் இடம் வருகிறது. அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் 1896 மார்ச் 26 இல் நேர்ந்த வெடிப்பில் 65 பேர் மாண்டனர். அந்நாட்டுச் சுரங்க விபத்துக்களுள் இதனினும் கொடியது வேறில்லை. பனிமுடி கண்டு ஆரவாரித்த பயணிகள் பலர் அவ்விடத்தை அறியாமலே கடந்தனர். புகையிரதம் அதனைக் கடக்கச் சில கணங்களே சென்றன.

அப்பால் தஸ்மான் கடல். அலை எற்றிய மரத்துண்டுகள் கிடக்கும் கரடுமுரடான கரை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நாம் மாணவர்க்கு ஓதுகிறோம். சென்றவர் மீளாமையால் நெஞ்சு நொந்து நிற்றலே அது. குழியினுட் சென்று மீளாத அறுபத்தைவர்க்காகக் காத்திருந்த இல்லங்களை எண்ணுமிடத்து, அக்கரைக்கும் அதுவே உரிப்பொருளெனத் தோன்றும். மலையழகையும் கடலழகையும் மட்டும் கண்டு மீள்வோர் முதற்பொருளைக் கண்டவரே, திணையைக் கண்டவரல்லர். நிலத்தைப் பார்க்கச் செல்வோர், அந்நிலத்தில் உழைத்தாரையும் ஒருகால் நினைத்தல் வேண்டும்.