கொடிமலைக்கு ஒரு பயணம்

பினாங்குத் தீவில் உள்ள கொடிமலை, குளிர்ந்த காற்றுக்குப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் வசதி படைத்தோர் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறினர். 1906இல் அமைத்து முடிக்கப்பட்ட முதல் மலை இரயில் பழுதுகளால் பயன்படாமல் போனது. 1923இல் புதிதாக அமைக்கப்பட்ட இரயிலே மக்களை உச்சிக்குக் கொண்டு சென்றது.

இவ்வகை இரயிலில், கம்பிவடத்தின் இரு முனைகளிலும் பெட்டிகள் பிணைக்கப்பட்டிருக்கும். கிணற்று இராட்டினத்தில் ஒரு வாளி இறங்க, மற்றொன்று ஏறுவதைப் போல, இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணை செய்கிறது. 2011இல் வந்த புதிய இரயில், ஏறக்குறைய அரை மணி நேரப் பயணத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தது.

உச்சியிலிருந்து ஜார்ஜ்டவுன் நகரையும் கடலையும் காணலாம். திருமுருகன் ஆலயத்தில் வழிபடலாம். மலையைச் சூழ்ந்த மழைக்காடு மிகப் பழைமையானது. 2021இல் யுனெஸ்கோ கொடிமலைப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

எனினும், செங்குத்தான சரிவுகளில் மண் எளிதில் சரியும். 2017 நவம்பரில் பெய்த கனமழையில் இம்மலையிலும் நிலச்சரிவுகள் ஏற்பட்டன. சரிவு மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை மரங்களின் வேர்களே. ஆகவே, கொடிமலைக்குச் செல்வோர் நடைபாதையை விட்டு விலகாமலும் செடிகொடிகளைப் பறிக்காமலும் இருத்தல் வேண்டும். குப்பைகளைக் காட்டில் வீசாமல் தம்முடன் எடுத்து வருதல் வேண்டும்.